தாய்மாமனுக்கு எந்த ஸ்பீக்கர்?

காந்திகிராமம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புது மாப்பிள்ளை. பக்கத்தில், அவருடைய கல்யாண வீடியோவுக்கு ஒலி சேர்ப்பவர், மடியில் லேப்டாப்போடு.

"ஏப்பா, என் தாய்மாமன எதுக்குப் பின்னாடி ஸ்பீக்கர்ல போட்ட?"

"சுத்தியும் ஸ்பீக்கர்ண்ணே. மேளம் முன்னாடி, சனம் ரெண்டு பக்கமும். பின்னாடியும் யாராச்சும் வேணும்ல?"

"அவரு வீட்டு ஹோம் தியேட்டர்லதான் பாக்கப்போறோம். தன்னைய பின்னாடி தள்ளிட்டோம்னு தெரிஞ்சா, தங்கச்சி கல்யாணத்துக்குச் சீரு கொண்டார மாட்டாரு."

"முன்னாடி வச்சா தெளிவாக் கேக்குமேண்ணே. தாலி கட்டயில, 'பந்தி போட்டாச்சா'ங்குறாரு."

"அத வெட்டிரு."

"வெட்டுனா அவரு குரலே இருக்காது. சட்டையில மைக்கு மாட்டியும், அன்னைக்கி அவரு பேசுனது அம்புட்டுத்தான்."

பேகம்பூர் தாண்டும்வரை மாப்பிள்ளை யோசித்தார்.

"அவுக வீட்டுல கூரையிலயும் ஸ்பீக்கர் இருக்குல்ல? அங்க தூக்கி வையி. எல்லாருக்கும் மேலன்னா மரியாததான?"

"மரியாததாண்ணே. நீங்க தாலி கட்டுறப்ப, சாமியே வானத்துலருந்து 'பந்தி போட்டாச்சா'ன்னு கேட்ட மாதிரி இருக்கும்."