கோச் கேட்ட சீட்டு

அம்பகரத்தூரில் பஸ் ஏறிய கல்லூரிப் பையன்கள் இருவர், கால்பந்து ஜெர்ஸியோடு எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒட்டுக்கேட்பது தப்புதான். ஆனால் ஜன்னலோரப் பையன் ஆரம்பித்ததே இப்படி:

"சீட்டுல என் பேரையே எழுதிக் குடுத்துட்டேன்டா."

"லூசா நீ? நாளைக்கு மேட்ச்ல யார வெளிய உக்கார வைக்கலாம்னு எழுதத்தானே புது கோச் ஆளுக்கொரு சீட்டு குடுத்தாரு?"

"தெரியும்டா. அவரு வந்து மூணு மேட்ச் தோத்தாச்சு. நாளைக்கும் தோத்தா சீசனே முடிஞ்சிடும். என்னால தோக்கக் கூடாதுடா. நீ யார எழுதுன?"

பக்கத்துப் பையன் திருநள்ளாறு தாண்டும்வரை ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான்.

"ஒன்னத்தான்டா."

"அப்ப எனக்கு முட்டி வலிக்கிறது ஒனக்கும் தெரிஞ்சிருக்கு."

"முட்டி வலியா? எப்பலேர்ந்து?"