ஆனி உத்தரத்து வாக்கு

கதலிக் குலை வெட்டுவதற்கு நாள் பார்க்க வேண்டும், ஐயா. முந்தினால் பழம் ருசிக்காது. பிந்தினால் மரத்திலேயே வெடித்து அணிலுக்குத்தான் போகும். நீர்வேலியில் வாழை வைக்கிறவன் எவனைக் கேட்டாலும் இதைச் சொல்வான். நானும் நாள் தவறாத ஆள்தான்.

சுவாமி எங்கள் தோட்டத்துக் கொட்டிலுக்கு வந்து பல வருஷம். எங்கிருந்து வந்தவர் என்று நான் கேட்கவில்லை. ஓலை வேய்ந்து கொடுத்தேன். வாயில் வந்தபடி ஏசுவார், பிரம்பால் அடிப்பார். அடி வாங்கியவன் பாக்கியசாலி என்று சனம் நம்பியது. பக்கத்துத் தோட்டத்து ஏரம்பு அண்ணைக்கு முதுகில் ஒன்று போட்டார். கொஞ்ச நாளில் அவருக்குச் சாவகச்சேரிக் கோட்டில் காணி வழக்கு வென்றது. தழும்பைக் காட்டிக்கொண்டு திரிந்தார். தண்ணீர் அள்ளி வார்த்தவன் நான், சோறு கொண்டுபோனவன் நான். என்மேல் மட்டும் சுவாமியின் சுண்டுவிரலும் பட்டதில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு எரிச்சலாக இருந்தது.

இன்னொன்று. அவர் பேச்சை நாங்கள் நேராக எடுப்பதில்லை. 'போடா நாயே' என்றால் 'இரு' என்று கருத்து. 'நீ உருப்படமாட்டாய்' என்றால் வீட்டில் நல்ல காரியம் நடக்கும்.

வைகாசியில் அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. ஒரு பின்னேரம் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். "ஆனி உத்தரத்திலை இந்தக் கட்டையை விட்டிடுவன்."

ஊர் முழுக்க இதே கதை. அப்படிப்பட்ட சுவாமிமாரை எரிப்பதில்லை, இருத்தித்தான் புதைப்பது. வாழைகளுக்கு நடுவே குழி வெட்டினோம். யுத்தத்தால் கற்பூரத்துக்குத் தட்டுப்பாடு. கொக்குவில் வரை கடை கடையாக ஏறி வாங்கிவந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்து ஐசாக் வாத்தியார் என்னைச் சந்தையில் மறித்தார்.

"தில்லைநாதன், உத்தரத்துக்கு அடுத்த நாளும் உம்மடை சுவாமி சோறு கேப்பார், பாத்துக்கொண்டிரும்."

நின்றவர்கள் சிரித்தார்கள்.

உத்தரத்தன்று காலை தோட்டத்து வாசல் படலையடியில் சனம் நிறைந்து தேவாரம் பாடிக்கொண்டிருந்தது. நான் கொட்டிலுக்குள் போனேன். சுவாமி எழும்பி உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் விட்டு முகம் தெளிந்திருந்தது.

"தில்லை, பசிக்குதடா. குணத்திட்டைக் கொஞ்சம் கஞ்சி காய்ச்சச் சொல்லு."

குணம் என் பெண்சாதி, குணலட்சுமி. அவளிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"சுவாமி, இண்டைக்கு உத்தரம்."

"அதுக்கென்ன? காய்ச்சலிலை என்னத்தையோ சொல்லிப்போட்டன். உவங்களை வீட்டை போகச் சொல்லு. நான் இன்னும் கனகாலம் இருப்பன்."

நான் யோசித்தேன். இருப்பேன் என்றால் போகவேண்டும் என்று கருத்து. வாக்குப் பொய்த்தால் ஊர் அவரைப் பகிடி பண்ணும். அவர் அதைத் தாங்குவாரோ தெரியாது. என்னால் முடியாது.

அவருடைய காவிச் சால்வையைத்தான் எடுத்தேன். மடித்து முகத்தில் வைத்து அழுத்தினேன். வெளியே தேவாரம் நல்ல சத்தம். உடம்பு கொஞ்சம் உதைத்தது. உடம்பு அப்படித்தான், சுவாமிக்கு அதில் பங்கில்லை. பிறகு காலை மடித்துச் சம்மணம் போட்டபடி சாய்த்து வைத்து, நெற்றிக்குத் திருநீறு பூசினேன். அழுகை வரவில்லை. இப்போதும் வரவில்லை.

குழியில் இறக்கி, திருநீறும் கற்பூரமும் வில்வமும் கொட்டி மூடினோம். ஐசாக் வாத்தியாரும் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

சனம் கலைந்தபிறகு குணம் கொட்டில் வாசலில் இருந்தாள். கஞ்சி ஆறி ஆடை படர்ந்திருந்தது. கேட்டாள், நடந்ததைச் சொன்னேன். அவளிடம் நான் எதையும் ஒளித்ததில்லை.

"இருப்பன் எண்டதைப் புரட்டி எடுத்த நீங்கள், கட்டையை விட்டிடுவன் எண்டதை மட்டும் ஏனப்பா நேராய் எடுத்தனீங்கள்?"

அடுத்த நாள் அவள்தான் பொலிஸ் ஸ்டேசனுக்கு உங்களிடம் வந்தாள். அவளில் எனக்குக் கோபம் இல்லை.

என் கையைப் பார்க்கிறீர்கள். இந்த நகக்கீறல்களுக்கு டாக்குத்தர் மருந்து தந்தார், நான் பூசவில்லை. ஆறிவிட்டால் மறைந்துவிடும். சால்வையை அழுத்தியபோது சுவாமி என்னை இரண்டு கையாலும் பிடித்தார், ஐயா. இறுக்கிப் பிடித்தார், கடைசி வரைக்கும் விடவில்லை.

ஏரம்பு அண்ணைக்குக் கிடைத்தது ஒரு பிரம்படி மட்டும்தான்.