பௌர்ணமிக் கடைக்கு ஓர் ஆள்

— இன்னொரு தரம் சொல்லு கவி. எலுமிச்சம்பழம் அறுக்கிற சத்தத்துல சரியா காதுல விழல.

— எலுமிச்சம்பழம் அறுத்தா சத்தம் வருதா? கவனிக்கலன்னு சொல்லுங்களேன்.

— கவனிச்சேன்மா... குத்தவாளி யாரும் பொறக்கும்போதே குத்தவாளியாப் பொறக்கறதில்ல. அதானே?

— அது முன்னுரை. நாளைக்குப் பரீட்சை, நீங்க முன்னுரையிலயே நிக்கறீங்க.

— பரீட்சை உனக்கா, எனக்கா?

— எனக்குத்தான். யாருக்காவது சொல்லிப் பாத்தாத்தான் மண்டையில ஏறும். சும்மாவா, தபால்ல குற்றவியல் எம்.ஏ.! கேக்கறதுக்கு வீட்ல வேற யாரு இருக்கா? அத்தை விடியறப்பவே கோயிலுக்குப் போய்ட்டாங்க.

— பௌர்ணமி இல்ல? கிரிவலக் கூட்டம் வர்றதுக்குள்ள சாமி பாத்துட்டு வரட்டும். சரி, நீ ஆரம்பி.

— முதல்ல அழுத்தக் கோட்பாடு. வீடு, வண்டி, நல்ல போனுன்னு ஊரு எல்லாருக்கும் ஒரே ஆசையைக் காட்டுது. ஆனா அங்க போய்ச் சேர்ற வழி எல்லாருக்கும் தொறந்து இல்ல. அப்போ சில பேரு...

— பௌர்ணமி பஸ்ஸு மாதிரி.

— ஆங்?

— எல்லாரும் வீட்டுக்குப் போவணும். கதவு ஒண்ணுதான், அதுல ஏற முடியல. அதான் ஒருத்தன் ஜன்னல் வழியா துண்டைப் போட்டு சீட்டு புடிக்கிறான்.

— அட... இதை எழுதலாம் போலிருக்கே!

— எழுது. துண்டுக்குத் தனியா மார்க்கு போடுவாங்க.

— வாயைப் பாரு. ரெண்டாவது, சேர்க்கைக் கோட்பாடு. குத்தமும் ஒரு தொழில் மாதிரி. கத்துக் குடுக்க ஆள் வேணும். கூட இருக்கறவங்ககிட்டதான் கத்துக்கறாங்க.

— நன்னாரி சர்பத்து போட எனக்குப் பழைய மொதலாளி பலராமண்ணன் கத்துக் குடுத்தாரே, அப்படி.

— தண்ணி ஜாஸ்தி ஊத்தறதையும் அவருதான் கத்துக் குடுத்தாரா?

— ‘டேய் பாலாஜி, மலை சுத்தறவனுக்கு தாகம்தான்டா முக்கியம், ருசி இல்ல’ன்னு சொல்லிக் குடுத்தாரு. பெரியவங்க சொன்னாத் தட்டக்கூடாது.

— பாத்தீங்களா... இப்படித்தான் சாக்கு சொல்லுவாங்க. அதுக்கும் ஒரு கோட்பாடு இருக்கு.

— எல்லாத்துக்கும் வெச்சிருக்காங்கடா யப்பா! சர்பத்துக்கு அந்த சப்ஜா விதையை ஊற வெச்சியா?

— அப்பவே வெச்சுட்டேன். பேச்சை மாத்தாதீங்க. அடுத்தது எனக்கு ரொம்பப் புடிச்சது. சாமியாருங்க மட்டுமே இருக்கற ஊருன்னு நெனச்சுக்குங்க. அங்கயும் குத்தம் இருக்குமாம்.

— இதைப் படிக்கத்தான் புக்கு வேணுமா? ஒரு வாரம் நம்ம கடையில நின்னாப் போதும்.

— கேலி வேணாம்... எல்லாரும் கண்ணை மூடி உக்காந்திருக்கற எடத்துல, தும்மினவன்தான் குத்தவாளி. எல்லாரும் திரும்பி முறைப்பாங்க. ஊருக்கு ஒரு கெட்டவன் வேணுங்க. அவனைக் காட்டித்தான் மத்தவங்க தன்னை நல்லவன்னு சொல்லிக்கறாங்க.

— ம்...

— இன்னா, ம்?

— ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

— நாலாவது... முத்திரைக் கோட்பாடு.

— வந்துடுச்சு.

— இன்னா வந்துடுச்சு?

— ஈ. சர்க்கரைப் பாகு மேல. நீ சொல்லு.

— ஒருத்தன் ஒரு தப்பு பண்றான். ஒரே ஒரு தப்பு. ஊரு அவன் நெத்தியில ஒரு பேரை எழுதிடுது. அப்பால அவன் எவ்ளோ நல்லது பண்ணாலும் அந்தப் பேரைத்தான் படிக்குது. வேலை கேட்டா இல்ல, வாடகைக்கு வீடு கேட்டா இல்ல. கடைசியில சரி, இதுதான் நான்னு அந்தப் பேருக்கு ஏத்த மாதிரியே ஆயிடறான்.

— உதாரணம்?

— உதாரணம்... பொதுவா ஒருத்தன்.

— பொதுவா ஒருத்தனுக்கு இருபத்திமூணு வயசா? கூட்டாளிங்க பேச்சைக் கேட்டு எவன் பைக்கையோ தள்ளிக்கிட்டுப் போயி, மூணு மாசம் உள்ள இருந்துட்டு வந்தவனா?

— நான் கலையரசனைச் சொல்லல.

— நானும் உன் தம்பின்னு சொல்லலியே. ஏன் கவி நிறுத்திட்டே? பரீட்சை நாளைக்கு.

— போனவாட்டி அவன் வந்தப்போ அத்தை பீரோவுக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டினாங்க. அவன் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போதே... அவன் கண்ணு முன்னாடி. ஞாபகம் இருக்கா?

— இருக்கு.

— பாதிச் சோத்துல எழுந்துட்டான். ‘பசி இல்லக்கா’ன்னான். அன்னிக்குப் போனவன்தான். போளூர்ல சித்தி வீட்டு மாட்டுக் கொட்டாயில படுத்துக் கெடக்கான்.

— இது எந்தப் பாடத்துல வருது?

— எந்தப் பாடத்துலயும் வரல. ஏங்க... இன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தியா இருக்கும். போன பௌர்ணமிக்கு ஐஸ் ஒடைக்க ஆள் இல்ல, கிளாஸ் கழுவ ஆள் இல்ல, ஒண்டியா அல்லாடினீங்க. கூடமாட ஒரு ஆள் இருந்தா...

— ஆள் பாத்தாச்சு.

— பாத்தாச்சா?... யாரு?

— ஒருத்தன். கை சுத்தம். நம்பிக் கல்லாவை விடலாம். இன்னா கவி? ஏன் கண்ணு கலங்குது?

— ஒண்ணுமில்ல... வெங்காயம்.

— நாம எலுமிச்சம்பழம் அறுத்துக்கிட்டிருக்கோம்.

— சிரிக்காதீங்க! கை சுத்தம்னு சொன்னீங்க பாருங்க, அது எனக்கு எப்படிக் குத்துச்சு தெரியுமா? என் தம்பிங்க அவன். எங்கம்மா போனப்புறம் நான்தான் அவனுக்குத் தலை வாரி விட்டு ஸ்கூலுக்கு அனுப்பினேன். ஊரே திருடன்னு சொல்லட்டும், காதைப் பொத்திக்குவேன். நீங்களும் சொன்னா நான் எங்க போறது?

— நான் எப்போ சொன்னேன்?

— வேற ஆள் வெச்சுட்டீங்க இல்ல. அதுவும் சொன்ன மாதிரிதான்.

— சரி, சரி... மூக்கைத் தொடை. இன்னும் ஒரு கோட்பாடு பாக்கி இருக்குல்ல? தெனமும் அதுலதான் முடிப்பே.

— பிடிப்புக் கோட்பாடு. அவன் ஏன் தப்பு பண்ணான்னு கேக்காத, மத்தவங்க ஏன் பண்ணலன்னு கேளுங்குது. ஒவ்வொருத்தரையும் ஏதோ ஒண்ணு புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கு. ஒரு வேலை, ஒரு வீடு, ‘சாப்ட்டியாடா’ன்னு கேக்க ஒரு ஆளு. அவனுக்கு எல்லாம் அறுந்துபோச்சுங்க. மிச்சம் நான் ஒருத்திதான். நானும் இங்க உக்காந்து பாடம் ஒப்பிச்சிக்கிட்டிருக்கேன்.

— நல்லாவே ஒப்பிச்ச. நூத்துக்கு நூறு. ஆனா ஒரு சந்தேகம். பரீட்சை என்னிக்கு?

— அதான்... நாளைக்கு.

— நேத்து பஸ் ஸ்டாண்டுல உன்கூடப் படிக்கற தென்றலைப் பாத்தேன். ‘போன ஞாயித்துக்கிழமையே எல்லாப் பரீட்சையும் முடிஞ்சிடுச்சே, கவியக்காவை வெளியிலயே காணோம்’னு கேட்டுது.

— ஐயோ...

— முடிஞ்சுபோன பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கற பொண்டாட்டி, இந்த ஜில்லாவுலயே எனக்கு ஒருத்திதான்.

— தெரிஞ்சுக்கிட்டே ஏங்க உக்காந்து கேட்டீங்க?

— நீ கையை ஆட்டி ஆட்டிச் சொல்றது நல்லா இருந்துச்சு. முடிஞ்சிடப் போவுதேன்னு இருந்துச்சு.

— நேரா கேக்க பயம்ங்க. நீங்க ஒருவாட்டி முடியாதுன்னுட்டா, அப்பால கேக்கறதுக்கு எனக்கு வழியே இல்ல. அதான் பாடத்துல சுத்தி சுத்தி...

— ஏழு வருஷம் கூட இருந்தவனுக்கே நீ ஒரு முத்திரை குத்தி வெச்சிருக்கே, பாத்தியா.

— போங்க... தப்புதான். மணி பத்தாவப் போவுது, கடைக்குக் கெளம்பாம இங்க உக்காந்து என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டிருக்கீங்க. கல்லாச் சாவியைக் குடுங்க, நானே போய்த் தொறக்கறேன். அந்தக் கை சுத்தமான ஆளையும் பாக்கறேன்.

— சாவி எங்கிட்ட இல்ல கவி. நேத்து நான் போயி போளூர் பஸ்ஸுலேருந்து எறக்கிக் கூட்டியாந்தேனே, அவன் இடுப்புல இருக்கு. ராத்திரி கடையிலயே படுத்துக்கிட்டு, விடியறப்பவே தொறந்துட்டான். எங்கம்மாவும் கோயிலுக்குப் போவல... உன் தம்பிக்கு இட்லி எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. பாதியில எழுந்துடாம சாப்பிடறானான்னு பக்கத்துலயே உக்காந்திருக்காம்.