நூம்பல் குடோனில் விழுந்த நிழல்

ராத்திரி பதினொன்று நாற்பது. வேலப்பன்சாவடியில் ஹைவேயை விட்டு இறங்கி நூம்பலுக்குள் போகிற ரோடு. ஒரு பக்கம் காலி மனைகள், இன்னொரு பக்கம் குடோன்களின் நீளச் சுவர். நவம்பர் மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது. தேங்கின தண்ணீரில் பைக் சக்கரம் போகிற சத்தம்... சர்ர்... அது மட்டும்தான். நாய்கூடக் குரைக்கவில்லை.

பைக்கில் போனது யூஜின். நம்ம சிநேகிதன் ஜேசுராஜுக்குச் சித்தப்பா மகன். கள்ளிக்குப்பத்தில் வீடு. பிழைப்புக்குக் கல்யாண மண்டபங்களில் லைட் கட்டுவான். ஆனால் அவன் மனசு முழுக்க வேறு ஒரு வேலையில் இருந்தது. வெளிச்சத்தை வைத்து அறை செய்வான். படம் கிடையாது, சிலை கிடையாது. காலி இடம், அதில் வெளிச்சம். அவ்வளவுதான்.

நூம்பலில் ஒரு குடோனை வாடகைக்கு எடுத்து எட்டு மாதம் பாடுபட்டு அப்படி ஒன்றைச் செய்தான். மூலைகளைச் சிமென்ட் பூசி வளைத்து, தரையிலிருந்து கூரை வரை வெள்ளை அடித்து, லைட்டுகளைக் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தான். சுவிட்சைப் போட்டால் சுவர் எங்கே இருக்கிறதென்றே தெரியாது. பனிக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். உள்ளே நிற்கிற ஆளுக்கு நிழலே விழாது.

வேலை முடிந்த ராத்திரி மனைவி எவாஞ்சலினுக்குப் போன் போட்டான். அவள் பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிகிற நேரம்.

"எவா, முடிஞ்சிருச்சு. நீதான் மொதல்ல பாக்கணும். இப்பவே வா."

"காலி ரூமுக்கு லைட்டு போட்டுட்டு இன்னா பில்டப்பு!" என்று சிரித்தாள். "வர்றேன் இரு. நானும் ஒண்ணு சொல்லணும். போன்ல இல்ல, நேர்ல."

நூம்பல் திருப்பத்தில் ஒரு டிப்பர் லாரி... அவள் வந்து சேரவில்லை.

அன்றைக்குப் பூட்டின குடோனை ஒரு வருஷம் கழித்து, அதே தேதியில் திறக்கத்தான் இந்த ராத்திரி பைக்கில் போனான். மாதக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கழற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைத்தான்.

ஷட்டரைத் தூக்கினான். ஈரச் சுண்ணாம்பு வாசனை. சுவிட்ச். வெள்ளை மெதுவாக ஊறி வந்தது.

எதிர்ச் சுவரில் ஒரு நிழல்.

தன்னுடையதோ என்று கையைத் தூக்கினான். அது தூக்கவில்லை. நகர்ந்தான். அது நகரவில்லை. ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்... தலை குனிந்து, காலை நீட்டி. லேசாக ஆஸ்பத்திரி லோஷன் வாசனை.

யூஜின் ஓடவில்லை. "எவா?" என்றான்.

நிழல் தலையை நிமிர்த்தியது.

விடிந்ததும் காணோம். மறுநாள் ராத்திரியும் போனான். அதற்கு மறுநாளும். ஒரு வருஷத்துக் கதையையெல்லாம் அவளிடம் சொன்னான். வரச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டான். நிழல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பதாம் ராத்திரி அவள் மடியில் ஏதோ இருந்தது. சின்ன மூட்டை மாதிரி. அதிலிருந்து ஒரு கை வெளியே வந்தது... விரலை விரித்து, மூடியது.

அவள் நேரில் சொல்ல வைத்திருந்தது என்னவென்று அவனுக்குத் தெரியும். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது. பதினொரு வாரக் கர்ப்பம். அதை அவன் பெற்ற தாயிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

அதற்கப்புறம் வீட்டுக்கே போகவில்லை. பக்கத்துக் குடோன் வாட்ச்மேன் கன்னியப்பன் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, யாராண்ட பேசிகினு கீற?"

யூஜின் சுவரைக் காட்டினான். கன்னியப்பன் பார்த்தார். இரண்டடி பின்னால் போனார். அந்த நிழல், தன் கையால் குழந்தையின் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது.

"கைக்கொயந்த நைனா அது. இம்மாம் வெளிச்சத்துல எத்தினி நாளு குந்த வெப்ப? கண்ணு கூசாது? லைட்ட நிறுத்து. தூங்கட்டும்."

"நிறுத்துனா போயிருவாங்க அண்ணாத்தே."

கன்னியப்பன் தன் குடோனுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மாதக் கடைசி. யூஜின் வெளிச்சத்தைக் குறைத்தான். ஒரேயடியாக அணைக்க மனசு வரவில்லை. கொஞ்சம்... கொஞ்சமாக. நிழல் எழுந்தது. சுவரிலிருந்து தரைக்கு இறங்கி, அவன் காலடி வரை வந்தது.

இருட்டு.

நெற்றியில் சில்லென்று ஒன்று பட்டது. அப்புறம் அவன் கைகளில் ஒரு கனம். சூடாக இருந்தது. பால் வாசனை. மூச்சு விட்டது... நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். வெறுங்கால் நடக்கிற சத்தம் ஷட்டரைத் தாண்டித் தூரமாகப் போயிற்று.

முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டு லைட்டைப் போட்டான். கையில் ஒன்றுமில்லை. சுவரிலும் இல்லை.

குடோனைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தான். ராத்திரி லைட்டை அணைத்ததும், மடியில் அதே கனம். வெளிச்சத்தில் இருக்காது. இருட்டில் மட்டும். அன்றிலிருந்து ஏழு மணிக்கெல்லாம் வீடு இருண்டுவிடும். எல்லாவற்றையும் தொட்டுத்தான் தெரிந்துகொண்டான். சுருட்டை முடி. பெண் குழந்தை. விரலைக் கடித்தபோது பல் முளைத்தது தெரிந்தது. நடக்கப் பழகியபோது சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. ஒரு தடவைகூட வாய் திறந்து சத்தம் போட்டதில்லை.

இரண்டு வருஷம் அவன் ஒரு ராத்திரியும் வெளியே தங்கவில்லை. போன மாதம்தான் ஆவடியில் ஒரு மண்டபத்தில் வேலை. தட்டிக் கழிக்க முடியவில்லை. விடிந்துதான் வந்தான். மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த சித்ரா, அவன் ராத்திரி வீட்டில் இல்லாதது தெரியாமல், படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"இன்னா தம்பி நீ? ராவெல்லாம் உன் பொண்ணு 'அப்பா, அப்பா'ன்னு கூப்ட்டுகினே கதவத் தட்டிச்சு. ஒரு வாட்டி 'இன்னா'ன்னு கேக்கக் கூடாதா? விடிகாலைல அவங்கம்மா வந்து தூக்கிகினு போனப்பதான் அழுகைய நிறுத்திச்சு."

அன்றைக்கு ராத்திரி யூஜின் எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு மடியை விரித்து உட்கார்ந்தான். ஒன்றும் வரவில்லை.

நேற்று ஜேசுராஜ் போய்ப் பார்த்தான். பகல் வெளிச்சமும் வராமல் ஜன்னலுக்கெல்லாம் அட்டை அடித்து வைத்திருக்கிறானாம்... உள்ளே, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, மூலை மூலையாகத் தடவித் தேடிக்கொண்டே இருக்கிறானாம்.