நாலாம் பெட்டு

– மூணாம் பெட்டச் சொல்லிட்டு நேரா அஞ்சுக்குத் தாவிட்ட பாண்டீசு. நாலு எங்க போச்சு?

– ரோட்டப் பாத்து ஆட்டோவ ஓட்டுங்க மாமா. சிம்மக்கல் தாண்டுறதுக்குள்ள யார் மேலயாவது ஏத்திராதீங்க.

– ஏத்துனா கட்டுப்போட நர்சம்மா நீதான் இருக்கியே. கல்யாணமாகிப் பதிமூணு வருசம். டூட்டி முடிஞ்சு ஏறி உக்காந்தா, அடுத்த ஷிப்டுக்காரிகிட்டச் சொல்ற மாதிரி ஒவ்வொரு பெட்டா எங்கிட்டயும் ஒப்பிச்சாத்தான் ஒனக்குச் சோறு இறங்கும். இன்னைக்கு மட்டும் என்ன?

– நாலுல டி. கல்லுப்பட்டி சங்கிலி ஐயா. நல்லாத்தான் இருக்காரு.

– நல்லா இருக்கறவர எதுக்குத் தாயி சொல்லாமத் தாண்டுன?

– நான் வேலைய விடப்போறேன் மாமா. லெட்டர் எழுதிப் பையில வச்சிருக்கேன். நாளைக்குக் குடுத்துருவேன்.

– கோயில்ல குடுத்த தீர்த்தத்துலயே வெரலிடுக்கு வரைக்கும் தேச்சுக் கை கழுவுன ஆளு நீ. பூசாரி மிரண்டு போயிட்டாரு. நீயா இந்த வேலைய விடப்போற?

– வெளையாடாதீங்க. ரெண்டு பேரு வேலைய விட்டுப் போயிட்டாளுக. நேத்து ராத்திரி டூட்டி முடிச்ச கையோட காலை டூட்டியும் என் தலையில. இந்த வாரத்துல இது மூணாவது தடவ. சங்கிலி ஐயா பக்கத்துல உக்காந்து, வாட்ச்சப் பாத்து டிரிப்ஸ் சொட்ட எண்ணிக்கிட்டு இருந்தேன். பதினெட்டு வரைக்கும் ஞாபகம் இருக்கு. தூங்கிட்டேன் மாமா.

– மனுசிதான நீயும். தூங்குனா என்ன?

– முழிச்சுப் பாத்தா பாட்டில் காலி. அப்படியே விட்டிருந்தா ரத்தம் டியூப்ல ஏறி அடைச்சிருக்கும். திரும்ப அவரக் குத்தணும். நரம்பே சிக்காத ஒடம்பு அவருக்கு.

– நிப்பாட்டித்தான இருந்திருக்கும்.

– யாரோ நிப்பாட்டி வச்சிருக்காங்க. நோட்டுல எழுதல. ஐயாகிட்டக் கேட்டா சிரிக்கிறாரு, வாயத் திறக்கல. பாத்தவ இந்நேரம் மேட்ரன்கிட்டச் சொல்லிருப்பா. இம்புட்டு வருசத்துல ஒரு பேச்சு வாங்காதவ நான். தூங்குமூஞ்சின்னு பேரெடுத்துட்டுப் போறதுக்கு நானாவே போயிருறேன்.

– இந்தா, துண்டு. கண்ணத் தொடச்சுக்க. விடணும்னா விடு, பசுமலையில நம்ம வீட்டு அடுப்பு எரியத்தான் செய்யும். ஆனா பயந்துக்கிட்டு விடாத. தூங்கிட்டேன், இனிமே ரெட்ட டூட்டி போட்டா யார் உசுருக்கும் நான் பொறுப்பில்லன்னு மேட்ரன்கிட்ட நீயே போய்ச் சொல்லு.

– நான் சொல்றதுக்குள்ள பாத்தவ சொல்லிருவாளே.

– சொல்ல மாட்டா.

– ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

– காலையில பதினோரு மணிக்கு ஒனக்கு டிபன் குடுக்க வார்டுக்கு வந்தேன். ரெண்டு நாளா கண்ணு மூடாதவ, வாயத் திறந்து தூங்குற. எழுப்பப் போனா சங்கிலி ஐயா வாயில வெரல வச்சுட்டாரு. அந்த இட்லி அப்படியே சீட்டுக்குப் பின்னாடிதான் கெடக்கு. நீயாச் சொல்லட்டும்னு இம்புட்டு நேரம் பேசாம வந்தேன். பாட்டில் தீந்துச்சுன்னா டியூப்ல இருக்க சக்கரத்த உருட்டி மூடணும்னு தெனம் ஒன் வாயால கேட்டவன், அதக்கூடச் செய்ய மாட்டனா பாண்டீசு?