மாப்பிள்ளைக்குத் தனி பாட்டில்

இஞ்சியைத் தோல் சீவக்கூடாது. நன்றாகக் கழுவி, தோலோடு நசுக்கிப் போட்டால்தான் அதன் காரம் தண்ணீரில் முழுசாக இறங்கும். நிறையப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

பாட்டில்களில் என்ன கலந்தேன் என்று கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர். இஞ்சி, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட். அவ்வளவுதான். பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னீர்கள், முடிவு வரட்டும். விஷம், மருந்து, மாத்திரை என்று எதுவும் இருக்காது. வெளியிலிருந்து ஒரு சொட்டுச் சாராயம்கூட நான் ஊற்றியதில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு நான் சொல்லப்போவதில் இது மறந்துபோய்விடும்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸ் தேய்க்கிறவன். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வாரம் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு உழைத்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் என் நாக்குக்கு ஒதுக்கிவைப்பேன். சின்ன ஆலைகளில் கொஞ்சமாகக் காய்ச்சுகிற பீர்களைத் தேடி வாங்கி வருவேன். பல் டாக்டரும் இன்னும் ரெண்டு சிநேகிதர்களும் வருவார்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்போம், அப்புறம் மூக்கு, கடைசியில்தான் நாக்கு. ஒரு பீருக்கும் அடுத்ததுக்கும் நடுவில் வெறும் ரொட்டியைக் கடித்து, தண்ணீர் கொப்பளித்துத் துப்ப வேண்டும். பல் டாக்டர் மட்டும் அப்படியே விழுங்கிவிடுவார். "நாள் பூரா ஊரையே கொப்பளிக்கச் சொல்றேன், இங்கயாவது என்னை விடுங்கப்பா" என்பார்.

பீர் முடிந்ததும் காக்டெயில். பழச்சாறு சேர்ந்தால் ஷேக்கரில் போட்டுக் குலுக்க வேண்டும், மது மட்டும் என்றால் நீளக் கரண்டியால் அமைதியாகக் கலக்க வேண்டும். ஐஸ் பெரிய கட்டியாக இருக்க வேண்டும், பொடி ஐஸ் போட்டால் எல்லாம் தண்ணீராகிவிடும். இதில் எனக்கு ஒரு பேர் உண்டு. ஒரு வாய் குடித்தால் அதில் எவ்வளவு மது இருக்கிறது என்று ஏறக்குறையச் சரியாகச் சொல்லிவிடுவேன். டாக்டர் என் கண்ணைக் கட்டிவிட்டே சோதித்திருக்கிறார். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தெரியாமல் நடந்துவிட்டது என்று நான் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

என் தங்கச்சி வீட்டுக்காரர் தச்சர். சமையலறை அலமாரிகள் செய்கிறவர். கைவேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் குடித்தால் அந்தக் கை வேறு வேலை பார்க்கும். கல்யாணமான புதிதிலேயே ஆரம்பித்தது. கதவில் இடித்துக்கொண்டேன், வழுக்கி விழுந்தேன் என்று அவளும் பூசி மெழுகினாள். ஒருநாள் விட்ட அறையில் இடது காது போய்விட்டது. செவிப்பறை கிழிந்து, உள்ளே சீழ் வைத்து, கடைசியில் அந்தப் பக்கம் சுத்தமாகக் கேட்காமல் போனது. மகளைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை நல்ல வருஷங்கள் என்றுதான் சொல்வேன். குட்டி, அதாவது அவள் மகள், என் வீட்டில்தான் எழுதப் படிக்கப் பழகினாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நான் எப்போதும் தங்கச்சியின் வலது பக்கம் உட்காருவேன், அப்போதுதான் நான் பேசுவது அவளுக்குக் கேட்கும். பின்னறையில் ரெண்டு கட்டில் போட்டேன். ஜன்னலுக்கு அவளுக்குப் பிடித்த பச்சையில் திரை வாங்கினேன். சனிக்கிழமைகளில் அவள்தான் எலுமிச்சை பிழிந்து தருவாள். "இதுல என்னதான் இருக்குன்னு இப்படி மோந்து மோந்து பாக்கறீங்களோ" என்று சிரிப்பாள். அவள் சிரிப்பு என் வீட்டில்தான் திரும்பி வந்தது. அதை யாரும் மறுக்க முடியாது.

அப்புறம் அவர் திருந்திவிட்டார்.

ஏதோ ஒரு விடுதியில் சேர்ந்து, மாதக்கணக்கில் இருந்து, குடியை விட்டுவிட்டு வந்தார். குடியை விட்டவர்கள் கூடுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு வருஷம் தாண்டியதற்கு அங்கே அவருக்கு ஒரு பாராட்டு. நானும் போக வேண்டியதாயிற்று. மேடையில் ஏறினார். தங்கச்சியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "என் பொண்டாட்டி பிள்ளையைக் காப்பாத்தினது என் மச்சான்தான். அவர் கால்ல விழணும்" என்று இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ஒரு அம்மாள் மூக்கைச் சிந்தினார். அவர் முதுகுக்குப் பின்னால் என் ரெண்டு கையையும் என்ன செய்வது என்று தெரியாமல் நானும் அவரைத் தட்டிக்கொடுத்தேன். என் தங்கச்சி காதைப் பிடித்துக்கொண்டு அழுதபோது ஒருத்தரும் எழுந்து நிற்கவில்லை. அடித்தவனுக்குக் கை தட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, அப்படியே பற்றி எரிந்தது.

அடுத்த மாதமே அவள் கிளம்பினாள். "அண்ணா, அவர் இப்ப வேற ஆளுண்ணா" என்றாள். சரிம்மா, போய்ட்டு வா என்றேன். பச்சைத் திரையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஜன்னலுக்கு நான் வேறு திரை போடவில்லை.

மாப்பிள்ளை சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். குடிக்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்தும் தன்னால் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று காட்டிக்கொள்வதில் அவருக்கு ஒரு பெருமை. "எனக்கு ஏதாவது ஜூஸ் குடுங்க மச்சான், நான் பாட்டுக்கு ஓரமா உக்காந்திருக்கேன்" என்பார். அவருக்கென்று இஞ்சிச் சோடா செய்தேன். ஆரம்பத்தில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. அவருக்குத் தனி ஷேக்கர், தனி கிளாஸ், தனி பாட்டில். துளி பட்டுவிடக்கூடாது என்று தனியாகவே கழுவினேன். "இவர் மாதிரி மச்சான் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்று டாக்டர் அவரிடமே சொன்னார்.

இந்தச் சோடா எப்படி நுரைக்கிறது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று காற்றை விடும். நுரை வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் அது அடங்கிவிடும், பச்சைக் குழந்தைகூடக் குடிக்கலாம். வெளியிலேயே விட்டுவைத்தால் தின்றுகொண்டே இருக்கும். தின்னத் தின்னச் சர்க்கரை சாராயமாகும். ஒரு தடவை ஒரு பாட்டில் அடுப்புப் பக்கத்து அலமாரியில் மறந்து தங்கிவிட்டது. திறந்து ஒரு வாய் குடித்தேன். நல்ல கெட்டி பீர் அளவுக்கு ஏறியிருந்தது. கொட்டியிருக்கலாம், சிங்க் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மூடி, அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிற பையில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தவர், "மச்சான், போன வாரம் குடுத்தது ரொம்ப நல்லா இருந்துச்சு. இன்னும் ரெண்டு கூடக் குடுங்களேன்" என்றார். அவர் நாக்குக்குத் தெரியவில்லை, உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அதை ஒழுங்காகவே செய்தேன், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பெரிய ஜாடியில் சர்க்கரையை அதிகமாகப் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் நன்றாக ஏறும்வரை வைப்பேன். முழுசாக ஏறினால் இனிப்பு போய்விடும், நாக்கு கண்டுபிடித்துவிடும். அதனால் கடைசியில் சர்க்கரைப் பாகும் எலுமிச்சையும் சேர்த்து, இஞ்சியை ஒரு பங்கு கூட்டி, உடனே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். பாகு சேர்ப்பதைக் கலப்படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒரேயடியாக ஏற்றினால் தலை சுற்றும், சந்தேகம் வரும்.

சந்தேகம் வராமலும் இல்லை. ஒருநாள் மற்றவர்கள் கூடத்தில் இருக்கும்போது சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார்.

"என்ன மாப்பிள்ள இப்படிக் கேக்கறீங்க? என் தங்கச்சி வாழ்க்கையில நானே மண்ணள்ளிப் போடுவேனா?"

அவருக்கு முகம் சிறுத்துப்போனது. "ஐயோ, உங்களைச் சொல்லல மச்சான். எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. அந்தப் பழைய நினைப்புதான் எதைக் குடிச்சாலும் அது மாதிரியே தோண வைக்குது போல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. தன் நாக்கை விட என் வார்த்தையை நம்பினார். எனக்கு அன்றைக்கு வந்த திருப்தி, எந்த பீரும் தந்ததில்லை.

தங்கச்சிக்கு மூக்கு நல்ல மூக்கு. அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. "அண்ணா, அவர் மறுபடி ஆரம்பிச்சுட்டாரோன்னு பயமா இருக்கு. வீடு பூரா தேடிட்டேன், ஒரு பாட்டில்கூட இல்ல. குட்டி மேல சத்தியமா குடிக்கலங்கறார்" என்று போனில் சொன்னாள். பாட்டில் அவள் ஃப்ரிட்ஜிலேயே, பால் பக்கத்தில் இருந்தது. அவள் கையாலேயே ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"குடிகாரன் சத்தியத்தையெல்லாம் நம்பாதம்மா" என்றேன். "நேராக் கேளு. விடாமக் கேளு."

கேட்டாள். தினமும் கேட்டாள். அந்த மனிதர் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்ததெல்லாம், அவரைப் பொறுத்தவரை, உண்மை. அவர் வாழ்க்கையிலேயே உண்மை பேசியது அந்த ஒரு சமயம்தான், அதையும் யாரும் நம்பவில்லை. கூட்டத்துக்காரர்களும் வாயை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எழுந்து நின்று கை தட்டினார்களே, அவர்கள்தான். அந்தச் செய்தி என் காதுக்கு வந்த அன்று நான் எனக்கென்று நிதானமாக ஒரு காக்டெயில் கலந்து, உட்கார்ந்து, கடைசித் துளிவரை குடித்தேன்.

"குடிச்சாலும் குடிக்கலேன்னாலும் எனக்கு ஒரே பேர்தான்" என்று அவர் சொன்னதாகக் குட்டி உங்களிடம் சொல்லியிருப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய் நிஜமாகவே வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். தங்கச்சி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். மற்றதை நீங்கள்தான் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தடவை வலது பக்கம். தலை போய் மோதியது அவரே இழைத்துச் செய்த அலமாரியின் முனையில்.

இப்படி ஆகும் என்று தெரியுமா என்கிறீர்கள். அந்தக் கை குடித்தால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவள் வீங்கின முகத்தோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பாள் என்றுதான் நினைத்தேன். அதற்குத் தயாராகவே இருந்தேன், பின்னறைக் கட்டில்களில் புது விரிப்புகூடப் போட்டுவிட்டேன். அடி இவ்வளவு பலமாக விழும் என்று எதிர்பார்க்கவில்லை. அதற்கு அந்த ஆள் பொறுப்பு, நான் இல்லை. அவரே உங்களிடம் அதைத்தானே சொல்கிறார், எல்லாம் தன் தப்பு என்று? இப்போதும் என் பாட்டில்களைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவருக்கு இன்னும் சந்தேகம் வரவில்லை. குட்டி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து உங்கள் மேஜையில் வைத்திருக்காவிட்டால் நீங்களும் வந்திருக்க மாட்டீர்கள்.

தங்கச்சி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். ரெண்டு காதும் கேட்பதில்லை, இனித் திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வேண்டியதை எழுதிக் காட்டிக்கொள்கிறோம். குட்டி என்னோடு பேசுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறாள். வளர்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்.

என் தங்கச்சிக்கு இதெல்லாம் தெரிய வேண்டாமா என்று கேட்டீர்கள். அதில் நீங்கள் என்னைத் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். நான் அவளிடம் எதையும் மறைக்கிறவன் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்றைக்கே, அவள் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து, இஞ்சியிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் வாய் விட்டுச் சொன்னேன். சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவளே மன்னித்துவிட்ட பிறகு, நீங்கள் எதற்கு இதை இன்னும் கிளறிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.