கண்ணாடி ஒட்ட வந்தேன்னு சொல்லுங்க

போனைத் தேடாதீங்க, நான்தான் எடுத்து வெச்சிருக்கேன். உள் ரூம்ல பாட்டு சத்தமா ஓடுது பாருங்க, அந்த ஸ்பீக்கர் பக்கத்துல இருக்கு. அது கேட்டா பாட்டைக் கேக்கட்டும், நம்ம பேச்சைக் கேக்க வேணாம். இல்ல இல்ல, ஆஃப் பண்ணல. பண்ணவே கூடாது. ஏன்னு சொல்றேன், மொதல்ல உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இந்தப் பக்கம் வாங்க.

உங்க லேப் ரிசப்ஷன்ல இருக்கிற அம்மாதான அனுப்பினாங்க? அப்ப சரி. ரத்தம் எடுக்கறவங்க உங்கள எல்லாரும் சிஸ்டர்னுதான கூப்பிடுவாங்க, நானும் அப்படியே கூப்பிடறேன். உங்க பேரு எனக்கு வேணாம். தெரிஞ்சாதான யார்கிட்டயாவது உளற முடியும்.

வீட்டுல கேட்டா, போன் ஸ்க்ரீனுக்குக் கண்ணாடி ஒட்ட வந்தேன்னு சொல்லுங்க. பொய்யில்ல, நெசமாவே ஒட்டிட்டேன். பழசு மூலையில விரிஞ்சு போயிருந்துச்சு. பில்லும் உங்க பையில போட்டுட்டேன். இங்க வர்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேரு, வீட்டுக்காரரு கணக்குப்படி, கண்ணாடி ஒட்டத்தான் வர்றாங்க. ஊர்ல இவ்வளவு கண்ணாடி எப்படித்தான் உடையுதோ!

ஆமா, தெரியும். நீங்க இந்தக் கடையில இருக்கறது இப்ப உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். பயப்படாதீங்க. அதுக்குத்தான் பில்லு.

நீங்க என்ன கேட்டீங்க? ஒரு விபிஎன் போட்டுக் குடுங்க, அது போதும்னு. கூட வேலை பாக்கறவங்க சொன்னாங்களா? அவங்க மேல தப்பில்ல, விளம்பரத்துல அப்படித்தான் கத்தறான். விபிஎன் என்ன பண்ணும்னா, உங்க போன்லேர்ந்து வெளிய போறதை ஒரு கவருக்குள்ள போட்டு ஒட்டி அனுப்பும். வழியில நிக்கிறவனுக்கு உள்ள என்னன்னு தெரியாது. நல்லதுதான், இல்லைங்கல. ஆனா நீங்க லெட்டர் எழுதறப்பவே ஒருத்தன் தோள் மேல எட்டிப் பாத்துட்டிருந்தா, அப்புறம் கவரை ஒட்டி என்ன புண்ணியம்? இதுல ஓசில கிடைக்கிற விபிஎன் வேற. ஓசில குடுக்கறவன் என்ன தர்மசத்திரமா நடத்தறான்? உங்க கவரை அவனே பிரிச்சுப் படிச்சு வெளிய வித்துருவான்.

நீங்களே சொன்னீங்க, டீ குடிக்க எதிர்ப்பக்கம் போனா, டம்ளரை வாய்ல வைக்கறதுக்குள்ள போன் வருது, அங்க என்ன வேலைன்னு. தங்கச்சிகிட்ட மதியம் பேசின வார்த்தை சாயங்காலம் அவர் வாயில அப்படியே வருது. கேட்டா, பாசம் ஜாஸ்தி, மனசு சொல்லுதுங்கறாரு. சிஸ்டர், மனசு இவ்வளவு கரெக்டா தெருப் பேரோட சொல்லாது.

இருக்கு. பாத்துட்டேன். உங்க போனுக்குள்ள ஒண்ணு உக்காந்திருக்கு. நீங்க எங்க இருக்கீங்க, யாருக்கு என்ன அனுப்பினீங்க, எல்லாம் அவருக்குப் போகுது. மைக்கையும் தொறந்து கேக்கும்.

தண்ணி குடிங்க. ம்... குடிங்க.

பிடுங்கிப் போடுங்கன்னா எப்படிம்மா? எனக்கு ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அவருக்கு வர வேண்டிய தகவல் வரலைன்னா, என்னாச்சுன்னு பாக்க அடுத்த நிமிஷமே கிளம்பி வருவாரு. இன்னைக்கு திங்கள். நீங்க பாப்பாவோட வீட்டை விட்டுக் கிளம்பற பஸ் வியாழக்கிழமை. நடுவுல மூணு நாள் அதே வீட்டுல, அதே ஆளோட இருக்கணும். அதனால அந்தச் சனியன் அங்கயே இருக்கட்டும். வியாழக்கிழமை காலையில எப்பவும் போல லேபுக்குப் போங்க. போனை சைலன்ட்ல போட்டு, உங்க டிராயர்ல, சார்ஜர்ல சொருகி வெச்சிட்டு, பாப்பாவை ஸ்கூல் வாசல்லயே கூட்டிக்கிட்டு கிளம்பிடுங்க. அவரு பாத்தா நீங்க லேப்லதான் இருப்பீங்க. நீங்க எடுக்கலைன்னு லேப் நம்பருக்குக் கூப்பிட்டா, ரிசப்ஷன் அம்மா எடுத்து, சிஸ்டர் உள்ள சாம்பிள் எடுக்கறாங்கன்னு சொல்லிருவாங்க. பேசிட்டேன் அவங்ககிட்ட. மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள நீங்க பாதி தூரம் தாண்டிருவீங்க.

கையில வேற போன் இருக்கும். இதோ, இதுதான். பழசுதான், ஓரத்துல கீறல் இருக்கு, ஆனா நல்லா ஓடும். கம்பெனிக்காரன் போட்டு அனுப்பினதையெல்லாம் சுத்தமா அழிச்சிட்டு வேற சிஸ்டம் ஏத்தியிருக்கேன். இது யாருக்கும் எதையும் ஒப்பிக்காது. புது சிம், புது நம்பர். விபிஎன்னும் இருக்கு, நான் காசு கட்டற விபிஎன்.

சிரிக்காதீங்க, இதுல கஷ்டமும் இருக்கு, அதையும் கேட்டுக்குங்க. அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. பேங்க் ஆப் இதுல தொறக்காது. இந்தக் கருவி பாதுகாப்பானது இல்லன்னு மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லும். இருக்கறதுலயே பாதுகாப்பானதைப் பாத்து! கார் கூப்பிடற ஆப் சில நாள் வரும், சில நாள் மக்கர் பண்ணும். மேப்பு வழி காட்டும், ஆனா எங்க டிராஃபிக்குன்னு சொல்லாது. மெசேஜ் வந்தா உடனே டிங்குன்னு அடிக்காது, நீங்களா போய்த் தொறந்து பாக்கணும். என் போனும் இதே மாதிரிதான், இதனாலயே எங்க அக்கா பொண்ணுக்குக் குழந்தை பொறந்ததை நான் மறுநாள்தான் பாத்தேன். எங்க அக்கா ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல.

எங்க மாமா இருக்காரே, அக்கா வீட்டுக்காரரு, என்னைப் பாத்தா தலைமறைவு வந்தாச்சுங்கறாரு. உனக்கு அப்படி மறைக்க என்னடி இருக்குன்னு பந்தியில உக்காந்து, நாலு பேரு முன்னாடி கேட்டாரு. எனக்கு மறைக்க ஒண்ணுமில்ல மாமா, காட்டவும் ஒண்ணுமில்ல, அவ்வளவுதான், உங்க போனைக் கொஞ்சம் குடுங்க, நான் பாத்துட்டுத் தரேன்னேன். எச்சில் கையோட பாக்கெட்டைப் பொத்திக்கிட்டாரு.

சௌகரியம் சௌகரியம்னு பேசறாங்க. யாருக்கு சௌகரியம்? நான் எங்க போறேன், எதை வாங்கறேன், எத்தனை மணிக்குத் தூங்கறேன்னு எவனோ எழுதி வெச்சுக்கறதுக்குப் பேரு சௌகரியமா? நான் பேங்க்குக்கு நடந்து போறேன். வரிசைல நிக்கறேன். கால் வலிக்குது. வலிக்கட்டும், என் காலுதான.

அந்த ஷோகேஸ் ஏன் டேப் ஒட்டி இருக்குன்னு பாக்கறீங்களா? ஒரு வீட்டுக்காரரு ஒதைச்சது. என் பொண்டாட்டி போனை என்னடி பண்ணேன்னு வந்து நின்னாரு. கண்ணாடி ஒட்டினேன் சார், உங்களுக்கும் ஒட்டவான்னு கேட்டேன். ஒதைச்சாரு. மாத்தலாம், மாத்த மாட்டேன். அடுத்து வர்றவனும் பாக்கட்டும், ஒதைச்சும் கடை இங்கயேதான் இருக்குன்னு.

இப்ப சொல்றதை மட்டும் கவனமா கேளுங்க. பழைய மெயிலை இதுல போடாதீங்க. உயிரே போனாலும் போடாதீங்க. எல்லாத்தையும் கரெக்டா பண்ணிட்டு எல்லாரும் தடுக்கி விழற எடம் இதுதான். ஒரு பொண்ணு நல்லபடியா போய்ச் சேந்துட்டா. ரெண்டாவது நாள், குழந்தை போட்டோ பாக்கணும்னு ஏக்கம், பழைய மெயிலைத் தொறந்துட்டா. உங்க கணக்கு புது போன்ல இந்த ஊர்ல தொறந்திருக்குன்னு அங்க வீட்டுல இருந்த ஆளுக்கு மெசேஜ் போச்சு. கம்பெனிக்காரன் நல்லெண்ணத்துல அனுப்பறான், பாதுகாப்புக்காம்! மறுபடி ஊர் மாத்தினோம்.

உங்களுக்குப் போட்டோதான வேணும்? பாப்பா படம் எல்லாத்தையும் ஒரு மெமரி கார்டுல எடுத்துத் தரேன். எந்த எடத்துல எடுத்ததுன்னு படத்துக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும், அதையும் தொடைச்சுத் தரேன். ஒண்ணும் விட்டுப் போகாது.

ஏன் இவ்வளவு பண்றேன்னா... அட, கேட்டுட்டீங்க. முன்னாடி வேற கடையில இருந்தேன். மேம்பாலத்துக்குக் கீழ. ஒரு நாள் ஒருத்தங்க வந்தாங்க, உங்க வயசுதான் இருக்கும். ஹெல்மெட்டைக் கூடக் கழட்டல. எதைச் செஞ்சாலும் அவருக்குத் தெரியுதுங்க, இதுல ஏதாவது இருக்கான்னு பாருங்கன்னாங்க. பாத்தேன். இருந்துச்சு. ஓனர் பின்னாடி நிக்கறாரு. ஒண்ணுமில்ல மேடம், நல்லாத்தான் இருக்குன்னு தொடைச்சுக் குடுத்தேன். தேங்க்ஸ்னாங்க. பத்து நாள் கழிச்சு அவங்க அண்ணன் வந்து அதே போனை வெச்சிட்டு, இதை வித்துக் குடுக்க முடியுமான்னு கேட்டாரு. அவங்களுக்கு என்னாச்சுன்னு நான் கேக்கல. கேட்டா தெரிஞ்சிடுமேன்னு கேக்கல. அன்னைக்கு மத்தியானமே வேலையை விட்டுட்டேன். விட்டது பெரிய தியாகமெல்லாம் இல்ல, அதுக்கப்புறம் அங்க உக்காந்து ஒரு ஸ்க்ரூ கூடப் பிடிக்க முடியல.

ரெண்டே நிமிஷத்துல எப்படிக் கண்டுபிடிச்சேன்னா? தேடவே இல்ல சிஸ்டர். உங்க போன்ல காலண்டர் ரெண்டு இருக்கு. ஒண்ணு நெசம். இன்னொண்ணு ஊதாக் கலர். அதைத் தொட்டா மாசம் தேதி எல்லாம் ஒழுங்காத்தான் வரும். இந்தச் சனியனுக்கு ஒவ்வொரு கடைக்காரனும் ஒரு வேஷம் போட்டு அனுப்புவான். ஒருத்தன் பேட்டரிம்பான், ஒருத்தன் டார்ச் லைட்டும்பான். பொம்பளைங்க தொறந்து நோண்டவே நோண்டாதது எதுன்னு அந்த மேம்பாலத்துக் கடை ஓனர் கேட்டாரு. காலண்டர் சார்னேன். கலரும் நான்தான் பாத்து வெச்சேன். வீட்டுக்காரருங்க கொண்டு வந்து குடுத்த போன்லயெல்லாம் ஏத்தினதும் நான்தான். ஓனருக்கு அந்த வேலை தெரியாது.

ஆமா. உங்களோடதும்தான்.

டிஸ்பிளே மாத்தணும்னு வாங்கிட்டுப் போனாரா? அதான். ரெண்டு வருஷம் இருக்கும். அவர் மொகம் எனக்கு ஞாபகம் இல்ல, வர்றவங்க எல்லாரும் நல்லவங்க மாதிரிதான் இருப்பாங்க. மழைக்கோட்டு போட்ட பாப்பா படம் ஸ்க்ரீன்ல இருந்துச்சு. அது ஞாபகம் இருக்கு. இன்னைக்கும் அதே படம்தான் வெச்சிருக்கீங்க.

எந்திரிக்காதீங்க. சரி, எந்திரிங்க, ஆனா நான் குடுக்கற இந்த போனை எடுத்துக்கிட்டு எந்திரிங்க. மன்னிப்பெல்லாம் கேக்கல, நீங்க குடுத்தாலும் எனக்கு அதை வெச்சுக்க எடமில்ல. அறையணும்னா அறைங்க. வியாழக்கிழமை தாண்டினதும் கூப்பிட்டுத் திட்டுங்க, எடுத்து முழுசா கேக்கறேன். ஆனா என் மேல இருக்கிற கோவத்துல இதை இங்க வெச்சிட்டுப் போனா, ஜெயிக்கிறது நானும் இல்ல நீங்களும் இல்ல, அவருதான்.

என்னை நம்ப வேணாம். நம்பவே நம்பாதீங்க, அதுதான் நல்லது. இந்தாங்க, இதைப் பிடிங்க. பாஸ்வேர்டு கேக்குது பாருங்க, நீங்களே போடுங்க. பாப்பா பொறந்த நாள் வேணாம், கல்யாண நாள் வேண்டவே வேணாம். யாருக்குமே தெரியாத ஒண்ணு போடுங்க, எனக்கும் தெரியக் கூடாது. நான் செவுத்தைப் பாத்துத் திரும்பி நிக்கறேன். போட்டு முடிச்சதும் சொல்லுங்க.